தொலைக்காட்சியில் மாமாவின் கை

எங்கள் மாமா ஆக்லாந்துக்கு விடுமுறைக்கு வந்தவர். யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்பது கிளென்ஃபீல்ட் வீட்டில் சட்டம். விடுமுறைக்கு வந்த மனிதர் தினமும் காலை ஏழு மணிக்குச் சோற்று டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதும், சாயங்காலம் ஈயம் உருகிய வாசனையோடு திரும்புவதும் எனக்கு விசித்திரமாகவே படவில்லை. ஒன்பது வயது. பெரியவர்களின் விடுமுறை அவ்வளவு சலிப்பாகத்தான் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா அம்மாவின் தம்பி. மலேசியாவில், ஈப்போவில் டிவி ரிப்பேர் படித்தவர். சுற்றுலா விசாவில் வந்து, அதை ஒரு தடவை நீட்டியும் வைத்திருந்தார். அந்த விசாவில் வேலை பார்க்கக் கூடாது. பார்த்தது தெரிந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்கள், அப்புறம் இந்த நாட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்க முடியாது. மாமா பார்த்தார். ஏவன்டேலில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு ஷெட்டில், வயதான ஒரு வெள்ளைக்கார முதலாளியிடம். மீனும் சிப்ஸும் விற்கும் கடைகளின் மூலையில் காசு போட்டு ஆடுகிற ஆளுயர வீடியோ கேம் பெட்டிகள் நிற்குமே, பிள்ளைகள் எல்லோரும் ஸ்பேசீஸ் என்போம், அவற்றை வாடகைக்கு விடுபவர் அவர். பழுதானவை ஷெட்டுக்கு வரும். மாமா கை வைத்தால் பிழைத்து எழுந்து போகும்.

பள்ளி விடுமுறை நாட்களில் அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் ஷிஃப்ட் இருந்தால் மாமா என்னையும் வேனில் ஏற்றிக்கொள்வார். அந்த ஷெட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தூக்கம் வருவதுபோல ஒரு சுகம். ஜன்னல் கிடையாது. வெளியே மழை பெய்துகொண்டே இருக்கும். உள்ளே இருட்டில் இருபது முப்பது திரைகள் மினுங்கும். யாரும் ஆடாவிட்டாலும் அந்தப் பெட்டிகள் சும்மா இருக்காது. தாமே ஆடிக் காட்டி, தாமே தோற்று, மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பச்சையும் நீலமுமாய் வெளிச்சம் சிமெண்டுத் தரையில் ஊர்ந்து போகும். ரயில் கடக்கும்போது எல்லாத் திரைகளும் ஒரு தடவை நடுங்கி நிற்கும். நான் ஒரு பழைய சோஃபாவில் படுத்து அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போவேன். எதைக் கண்ணால் பார்த்தேன், எதைக் கனவில் பார்த்தேன் என்று இப்போது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரியும். பெட்டியின் பின்கதவைத் திறந்தால் மாமாவின் இடது கை தானாகக் கால்சட்டைப் பைக்குள் போய்விடும். வேலை முழுவதும் வலது கைதான். பிக்சர் டியூபில் மின்சாரம் தங்கியிருக்குமாம். இரண்டு கையும் பட்டால் நெஞ்சு வழியாகப் பாயுமாம். "ஒரு கை வீட்டுக்கு, ஒரு கை வேலைக்குலா," என்பார். பிளக்கையே பிடுங்கிப் போட்டிருந்தாலும் அந்தக் கை பையை விட்டு வெளியே வராது.

அந்த வருஷம் டிவிக்காரர்கள் ஒரு டாக்குமெண்டரி எடுத்தார்கள். இந்த ஸ்பேசீஸ் எல்லாம் நியூசிலாந்துக்கு எப்படி வந்தன, யார் கொண்டுவந்தார்கள், எந்தெந்தக் கடை மூலைகளில் நின்றன, அதை ஆடிய பையன்கள் இப்போது என்ன ஆனார்கள் என்று ஒரு வரலாறு. முதலாளியிடம் மிகப் பழைய பெட்டி ஒன்று இருந்தது. அதைப் படம் பிடிக்க வருகிற அன்று மாமா வீட்டிலேயே இருப்பது என்று ஏற்பாடு. ஆனால் அவர்கள் ஒரு நாள் முன்னதாகவே வந்து கதவைத் தட்டிவிட்டார்கள்.

மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் பெட்டிகளின் இடுக்கில் புகுந்தார். "சத்தம் போடாதே தாயி, ஒளிஞ்சு விளையாடலாம்," என்றார். எனக்குக் குஷி. மாமாவின் நெஞ்சு என் காதில் திம்திம் என்று அடித்தது. விளையாட்டென்றால் மாமாவுக்கு எவ்வளவு ஆசை பாரேன் என்று எண்ணிக்கொண்டேன். முன்னால் பெரிய விளக்கைப் போட்டார்கள். முதலாளி பேசினார். பழைய பெட்டி பாடியது. பிறகு ஒரு சின்ன 'டொப்'. எட்டிப் பார்த்தேன். திரையில் இருந்த படம் முழுக்கச் சுருங்கி நடுவில் ஒரே ஒரு வெள்ளைக் கோடாக நின்றது. முதலாளி பெட்டியின் பக்கவாட்டில் ஓங்கி ஒன்று வைத்தார். இன்னொன்று வைத்தார்.

"அலாமாக், அடிக்கிறானே," என்று மாமா முனகினார். மூன்றாவது அடிக்கு அவரால் தாங்க முடியவில்லை. எழுந்து நேராக வெளிச்சத்துக்குள் நடந்து போய்விட்டார்.

வேலை பத்து நிமிஷம்கூட இல்லை. ஒரு இடத்தில் ஈயம் விரிசல் விட்டிருந்தது, சூடு காட்டி ஒட்டினார். வெள்ளைக் கோடு மெல்ல மேலும் கீழும் விரிந்து படமானது. கேமரா வைத்திருந்த பெண் கையே தட்டிவிட்டாள். மாமா அவளருகில் போய்த் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். அவள் அவரை ஒரு நொடி பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். எங்கள் மாமா கூச்ச சுபாவம், பாவம்.

வீட்டுக்குப் போகும் வழியில், பாலத்தின் மேல், இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று மாமா என்னிடம் சத்தியம் வாங்கினார். இரண்டு மாதம் காப்பாற்றினேன், அதுவே என் வாய்க்குப் பெரிய சாதனை. ஒளிபரப்பாகப் போகும் நாள் தெரிந்ததும் சத்தியம் எங்கே போனதோ. வகுப்பில் காலைச் செய்தி சொல்லும் நேரத்தில் எழுந்து நின்று சொன்னேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை பஜனையில், பிரசாதம் வாங்குகிற வரிசையில் முன்னும் பின்னும் சொன்னேன். எங்கள் வீட்டில் பெரிய டிவி, எல்லோரும் வாங்க என்று நானே அழைப்பும் வைத்தேன்.

அம்மாவின் காதுக்கு விஷயம் வந்தபோது எல்லோரும் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். வராதீர்கள் என்று சொல்ல எந்தத் தமிழ் வீட்டுக்கும் வாய் வராது. அப்பா, டிவி கெட்டுப்போச்சுன்னு சொல்லிடலாமே என்றார்.

"இவன் இருக்கிற வீட்டுல டிவி கெட்டுப்போச்சுன்னா எவன் நம்புவான்?" என்றாள் அம்மா. "இங்க வர்ற எல்லாரு வீட்டு டிவியையும் பாத்துக் குடுத்தவன்லா இவன்!"

உண்மைதான். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமாவை யாராவது வந்து கூட்டிப்போவார்கள், மாமாவும் சும்மா பார்த்துக் கொடுத்துவிட்டு வருவார். அம்மா அதிகம் பயந்தது ஒருவருக்குத்தான். என் வகுப்புத் தோழியின் அப்பா, யாழ்ப்பாணத்துக்காரர். நகரத்தில் விசா விண்ணப்பங்கள் பார்க்கும் அரசாங்க அலுவலகத்தில் அவருக்கு வேலை. அவரையும் நான் விட்டுவைக்கவில்லை.

அன்று மாலை கூடத்தில் பதின்மூன்று பேர். அம்மா கறி பஃப் பொரித்துப் பொரித்துக் கொண்டுவந்து வைத்தாள். கண் கூடத்திலேயே இருந்ததில் பாதி கருகியிருந்தது. மாமா அங்கே இல்லை. இந்த மழையில் கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன் என்று போயிருந்தார். விளக்கை அணைத்தோம். திரையில் பழைய கடைகள் வந்தன, கறுப்பு வெள்ளைப் படங்கள், தலை நரைத்த பையன்கள். தாங்கள் ஆடிய ஆட்டங்களைப் பற்றி அவர்கள் முதல் காதலைச் சொல்வதுபோலச் சொன்னார்கள். பிறகு எங்கள் ஷெட். அந்த இருட்டும் மினுக்கமும் எங்கள் கூடத்துச் சுவர் முழுக்கப் படர்ந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். வெள்ளைக் கோடு வந்தது. அப்புறம் ஒரு கை. மாநிறம், மணிக்கட்டில் கோயில் கயிறு. ஒற்றைக் கை உள்ளே போய், நிதானமாகத் தடவிப் பார்த்து, ஒட்டிவிட்டு வெளியே வந்தது. படம் விரிந்தது. முகத்தைக் காட்டவே இல்லை!

"மாமா! எங்க மாமா கை!" என்று கத்தினேன்.

அம்மா தட்டோடு அப்படியே நின்றாள். பஜனை அக்கா ஒருவர்தான் முதலில் பேசினார். "சே, யாரோ மாவோரிக்காரங்க கை மாதிரி இருக்குலா," என்றார். ஆமா ஆமா என்றார் இன்னொருவர். சமோசாவுக்கு உப்புப் போதுமா என்பதில்கூட ஒத்துப்போகாத கூட்டம் அது. அன்றைக்கு ஒரே குரலில் என்னைப் பொய்க்காரி ஆக்கியது.

"மாமாதான்! ஒரு கைதானே தெரியுது, இன்னொரு கை பாக்கெட்ல இருக்கு! மாமா அப்படித்தான் செய்வாரு!" எனக்கு அழுகை முட்டியது. கடைசி நம்பிக்கையாகத் தோழியின் அப்பாவிடம் ஓடினேன். அவர் வீட்டு டிவியை மாமா பழுது பார்த்தபோது ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் அடித்தவர் அவர். கயிறும் தெரியும், பாக்கெட்டும் தெரியும். "அங்கிள், நீங்க சொல்லுங்க."

அவர் திரையைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சாவதானமாகச் சொன்னார்: "இல்லைப் பிள்ளை. நான் வடிவாப் பார்த்தனான். உது உங்கட மாமான்ர கை இல்லை. அவர் இஞ்ச லீவில வந்து நிக்கிறவர் எல்லே?"

அவர் மனைவி சட்டென்று அவர் முழங்கையைப் பிடித்ததும், அவர் அந்தக் கையை மெதுவாக விலக்கியதும் ஏன் என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது. அன்று தெரிந்தது ஒன்றுதான். எல்லாம் தெரிந்த ஒரு மனிதர், இத்தனை பேர் நடுவில், பச்சையாகப் பொய் சொல்லிவிட்டார். அம்மா என்னவோ அவருக்கு இரண்டாவது டீ ஊற்றிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

மாமா அப்புறமும் விடுமுறையில்தான் இருந்தார். அடுத்த வருஷம் ஆல்பனியில் ஒரு கம்பெனி அவரை வேலை விசாவோடு முறையாக எடுத்துக்கொள்ளும்வரை.

அன்றைக்கு நான் செய்தது இதுதான். எல்லோரும் கறி பஃப்பில் மும்முரமாக இருந்தபோது வாசலுக்குப் போனேன். கழற்றிப் போட்டிருந்த காலணிகளில் தோழியின் அப்பாவுடையதைத் தேடி எடுத்தேன். கறுப்புச் சப்பாத்து, அலுவலகத்துக்குப் போட்டுப் போவது. கூரைத் தண்ணீர் கொட்டுகிற இடத்தில் இரண்டையும் நிமிர்த்தி வைத்து, விளிம்புவரை நிரம்பும்வரை காத்திருந்துவிட்டு உள்ளே வந்தேன். கிளம்பும்போது அவர் அவற்றைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு, கால்களை உள்ளே நுழைத்து, மழையில் சளப் சளப் என்று காரை நோக்கி நடந்தார். நான் ஜன்னலில் நின்று, நல்லா வேணும் என்று சொல்லிக்கொண்டேன்.