மிதித்தால் மட்டும் எரிகிற விளக்கு

முகமது யாசின் எந்த வண்டியையும் தொடுவதற்கு முன்னால் மூன்று கேள்விகள் கேட்பார். கோளாறு எப்போது வருகிறது, எப்போது வருவதில்லை, முதன்முதலில் வந்ததற்கு முந்தின நாள் வண்டிக்கு என்ன செய்தீர்கள். திண்டுக்கல் பேகம்பூர்ப் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் இருபத்திரண்டு வருடமாக கார்களுக்கு எலெக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறார். மேதை என்றெல்லாம் சொல்வதற்கில்லை. வேலை மெதுவாகத்தான் நடக்கும், அவசரக்காரர்கள் அவரிடம் வருவதில்லை. தொட்டதுமே தெரிந்துவிட்டது என்று சொல்கிற மெக்கானிக்குகளை அவர் நம்புவதுமில்லை. தனக்குத் தெரியாதது எதுவென்று அவருக்குத் தெரியும், அவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமை காலையில் வந்தவர் சண்முகவள்ளி. ஆத்தூர்க்காரர். சொந்தமாக ஒரு பெட்ரோல் கார் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறார். திங்கட்கிழமையிலிருந்து தினமும் காலையில் நாலு டீச்சர்களைச் சிறுமலைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போக வேண்டும் என்றார். இரண்டு மாதம் நடையாய் நடந்து பிடித்த வேலை. மலை வளைவில் ஒரு நாள் வண்டி திணறினாலும் டீச்சர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள்.

"பாய், லேசா ஓட்டுனா ஒண்ணுமில்ல. மேட்டுல மிதிச்சா உதறுது. இன்ஜின் லைட்டு கண்ணச் சிமிட்டுது. கால எடுத்தா நின்னுருது. இன்னொரு பட்டறையில காயில மாத்துனாக. சரியாகல. இப்ப இன்ஜினையே பிரிக்கணும்ங்குறாக. மெசின்ல மூணாவது சிலிண்டர்னு காட்டுதாம்."

"மெசின் எங்கனு சொல்லும்மா. ஏன்னு சொல்லாது. எப்பருந்து இப்பிடி?"

"போன வாரம் வியாழக்கெழமைலருந்து."

"அதுக்கு மொத நா என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யல பாய். வண்டி வாசல விட்டு நகரவே இல்ல."

யாசின் தலையாட்டிக்கொண்டார். ஆட்கள் இந்த இடத்தில் பொய் சொல்வதில்லை என்பது அவர் அனுபவம். ஆனால் செய்தது எது, செய்யாதது எது என்று ஆளுக்கொரு கணக்கு இருக்கிறது.

"வெறும் வண்டியா வந்திருக்கீங்க. நாலு டீச்சரு எங்க?"

"திங்கக்கெழமதான பாய் ஏறுவாக."

கொட்டகை மூலையில் கிடந்த பழைய பேட்டரிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பாரத்துக்காகப் பின்சீட்டில் வைத்தார். "இது கணக்கு டீச்சரு. இது சயின்ஸ் டீச்சரு. கொஞ்சம் கனந்தான்." சண்முகவள்ளி அன்று முதல் தடவையாகச் சிரித்தார்.

சிறுமலை ரோட்டில் ஏற்றம் தொடங்கும் இடத்தில், மூன்றாவது கியரில், யாசின் மிதித்தார். வண்டி உதறியது, விளக்கு சிமிட்டியது. வண்டியில் செருகியிருந்த அவருடைய ஸ்கேனரும் மூன்றாவது சிலிண்டர் என்றுதான் காட்டியது. ஓரமாக நிறுத்தி, மூன்றாவது சிலிண்டருக்கு மின்பொறி தருகிற காயிலைக் கழற்றி முதலாவதில் போட்டார். முதலாவதை மூன்றாவதில் போட்டார். மறுபடி மிதித்தார். காயில் கெட்டிருந்தால் கோளாறு அதோடு கூடவே முதலாவதுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. மூன்றாவதிலேயே நின்றது.

"காயிலு குத்தமத்தது," என்றார்.

"அப்ப பிரிக்கத்தான் வேணுமா?" சண்முகவள்ளியின் குரல் இறங்கியிருந்தது.

"செத்த நேரம் பொறுங்கம்மா. பிரிக்காம பாக்குறதுக்கே இன்னும் எடம் கெடக்கு."

மூன்றாவது சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வெயிலில் திருப்பிப் பார்த்தார். வெள்ளைப் பீங்கானின் வெளிப்பக்கத்தில் மேலிருந்து கீழாக மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு. அதைச் சுற்றிக் காய்ந்த மஞ்சள் பொருக்கு. நகத்தால் சுரண்டி முகர்ந்தார். சந்தனம். வியாழனுக்கு முந்தின நாள் புதன். அன்று பக்கத்து லேத் பட்டறையிலிருந்து தனக்குப் பொரியும் கடலையும் வந்தது அவர் நினைவுக்கு வந்தது.

"ஆயுத பூசைக்கு வண்டிக்கு என்ன செஞ்சீங்கம்மா?"

"பூசதான் போட்டோம்." சண்முகவள்ளிக்குக் கேள்வியே புரியவில்லை. அது வண்டிக்குச் செய்த வேலையா என்ன?

"எப்பிடிப் போட்டீங்க?"

"போன வருசம் பானெட்டு மேல சந்தனம் குங்குமம் வச்சு, பெயிண்டுல கறை புடிச்சுப் போச்சு. அதனால இந்த வருசம் பானெட்டத் தெறந்து, இன்ஜின் மேல இருக்குற கறுப்பு மூடியக் கழட்டிட்டு, மஞ்சத்தண்ணியில சந்தனத்தக் கரைச்சு உள்ள தெளிச்சேன். இன்ஜினுக்குத்தான பாய் பூச?"

யாசின் இடத்தில் இன்னொருவர் இருந்தால், சாமி காரியம், அதிலும் வேறு மதத்துக்காரன் வாயால் எதற்கு என்று, பிளக்கை மாத்திரம் மாற்றிவிட்டுப் பேசாமல் அனுப்பியிருப்பார். அது மரியாதை ஆகாது என்பது யாசினின் எண்ணம். காரணத்தை மறைத்தால் அடுத்த வருடமும் இதே வண்டி இதே மேட்டில் நிற்கும்.

"பூசையில தப்பில்லம்மா. தெளிச்ச எடந்தான் தப்பு. தண்ணி பிளக்கு உக்காந்திருக்குற இந்தக் குழிக்குள்ள எறங்கிக் காஞ்சிருக்கு. லேசா போறப்ப கரண்டு ஒழுங்கா பிளக்கு நுனிக்குப் போயிருது. மிதிச்சா சிலிண்டருக்குள்ள அழுத்தம் கூடுது. அப்ப அது சுளுவான வழியத் தேடி, வெளிய இந்தக் கோட்டு வழியா ஓடிருது. பெட்ரோலு எரியாமப் போகுது. வண்டி உதறுது. காயில மாத்துனவுக குழிக்குள்ள பாக்கல."

சண்முகவள்ளி பிளக்கை வாங்கி உற்றுப் பார்த்தார். "இம்புட்டுண்டு கோட்டுக்கா?"

"இம்புட்டுண்டுதான்."

"எங்க வீட்டுக்காரரு அன்னைக்கே சொன்னாரு, வெளியிலயே வையினு. இத அவருகிட்ட சொல்லிராதீங்க."

"அவரு எங்கிட்ட வந்து கேக்கட்டும், அப்பப் பாப்போம்."

குழியைத் துடைத்து, கொண்டுவந்திருந்த கைப்பம்பால் காற்றடித்து, காயிலின் ரப்பரையும் துடைத்து, பையிலிருந்த புது பிளக்கைப் போட்டார். ஸ்கேனரில் பழைய பதிவை அழித்தார். பிறகு இடப்பக்க சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "நீங்க ஓட்டுங்க," என்றார்.

முதல் வளைவில் சண்முகவள்ளி தயங்கித்தான் மிதித்தார். "இன்னும் மிதிக்கவா பாய்?"

"தயவு பாக்காதீங்க."

இரண்டாவது வளைவில் அழுத்தி மிதித்தார். வண்டி சீராக ஏறியது. விளக்கு வரவில்லை. உச்சி வரை வரவில்லை. சண்முகவள்ளி நன்றி சொல்ல வாயெடுத்தபோது யாசின் தடுத்தார். ஒரு தடவை வராதது, இனி வராது என்பதற்குச் சான்றாகாது. கீழே இறங்கி மறுபடி ஏறச் சொன்னார்.

இரண்டாவது தடவை உச்சியில் நிறுத்தியதும், சண்முகவள்ளி அவரைத் திரும்பிப் பார்த்தார். யாசின் தலையாட்டினார். சண்முகவள்ளி போனை எடுத்தார்.

"டீச்சரா? சண்முகவள்ளி பேசுறேன். திங்கக்கெழம ஏழு மணிக்கு பஸ் ஸ்டாண்டு கிட்ட நிப்பேன். ஆமா டீச்சர், வண்டிய மல உச்சி வரைக்கும் ஏத்திப் பாத்துட்டேன். ஒருக்கா இல்ல, ரெண்டு தடவ."