கன்னியாவில் அவித்த கால்

என்னை வைத்து என் மனைவி வெருகல் முருகனுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள். டெங்குக் காய்ச்சலில் நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது கொடுத்த வாக்கு, நேத்திக்கடன். நான் பிழைத்து எழும்பினால் நாங்கள் இரண்டு பேரும் வீட்டிலிருந்து வெருகல் வரை நடந்தே வருவோம் என்பது. என்னைக் கேட்டுச் செய்த ஏற்பாடு அல்ல. கேட்டிருந்தால் பஸ்ஸில் வருவோம் என்று திருத்தியிருப்பேன்.

ஒவ்வொரு வருடமும் வடக்கிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்கள் எங்கள் ஊரைக் கடந்துதான் போவார்கள். அவர்களோடு சேர்ந்து வெருகல் மட்டும் போவதாகத் திட்டம். ஒரு வருடம் நான் கிளாக்கராக இருக்கும் கந்தோரில் கணக்காய்வு வந்தது. இன்னொரு வருடம் ஒன்றுவிட்ட தம்பியின் கலியாணம். அடுத்த வருடம் வெயில் கூடிவிட்டது என்றேன். வெயில் கூடாத வைகாசி மாதத்தை நான் கண்டதில்லை. ஆனால் அதைச் சொல்லும்போது முகத்தைக் கவலையாக வைத்திருந்தேன்.

இந்த வருடம் அவள் விடவில்லை. முழங்கால் நோகத் தொடங்கியிருந்தது. இந்த முறை விட்டால் இனி தனக்கு ஏலாது என்று சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரியின் பிசியோதெரபிப் பகுதிக்குத் தானே போய் வந்தாள். அங்கே சொல்லிக்கொடுத்தபடி கதிரையில் இருந்து காலை நீட்டி, தொடையை இறுக்கி, மனதுக்குள் எண்ணி, மெல்ல இறக்குவாள். பிறகு சப்பாத்துப் போட்டுக்கொண்டு விடிய நடக்கப் போவாள். முதலில் சந்தி மட்டும். அடுத்த கிழமை இன்னும் கொஞ்சம். போகப்போக உப்புவெளி தாண்டி சாம்பல்தீவுப் பாலம் வரை போய்த் திரும்பினாள். நான் முற்றத்தில் தேத்தண்ணீர்க் கோப்பையோடு இருந்து அவளுக்கு இராணுவ மரியாதை செலுத்துவேன். நீங்களும் வாருங்கோ என்று கேட்டாள். பள்ளிக்கூட நாளிலிருந்து கிரிக்கெட் விளையாடுகிறவனுக்கு நடக்கப் பழக வேண்டிய தேவை இல்லை என்று விளக்கினேன்.

இங்கே ஒரு சின்ன விபரம். நான் கடைசியாகக் கிரிக்கெட் விளையாடியபோது எனக்குத் தலை நிறைய மயிர் இருந்தது.

நாற்பது வயதைத் தாண்டிய பழைய மாணவர்களுக்கென்று ஒரு சனிக்கிழமை சொஃப்ட்போல் கிரிக்கெட் போட்டி வைத்தார்கள். எங்களுக்கு முன்னால் விளையாட இருந்த இளம் பெடியள் மைதானத்தைச் சுற்றி ஓடினார்கள், காலை மடக்கினார்கள், இடுப்பை வளைத்தார்கள். விளையாட முதலே களைக்கிற விசர்க் கூட்டம் என்று நாங்கள் சிரித்தோம். நாங்கள் நிழலில் இருந்து ரோல்ஸ் சாப்பிட்டு, சோடா குடித்து, நாட்டைத் திருத்தினோம். என் பக்கத்தில் கிண்ணியாவிலிருந்து வந்த கூட்டாளி. கருவாட்டு வியாபாரி. பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவன். அவன் மூன்றாவது ரோலையும் எனக்குத்தான் தந்தான்.

பந்து வானத்துக்கு எழும்பியபோது நான்தான் அதன் கீழே நின்றேன். அண்ணாந்தபடியே பின்பக்கமாக ஓடினேன். எங்கள் ஊரில் மாடு மாதிரித் தெருவெல்லாம் திரிகிற மான்களில் ஒன்று, எல்லைக் கோட்டருகே மேய்ந்துகொண்டிருந்தது, என் முதுகில் முட்டுமாப்போல் தெரிய, சடாரென்று திரும்பினேன். உடம்பு திரும்பியது. வலது கால் திரும்பவில்லை. முறுக்கு உடைத்த மாதிரி ஒரு சத்தம். நான் ஒரு பக்கம், பந்து ஒரு பக்கம். மான் என்னைப் பார்த்தது, பிறகு புல்லைப் பார்த்தது. எது முக்கியம் என்று அதற்குத் தெரிந்திருந்தது.

எங்கள் கப்டன் முதலில் கேட்டது பந்தை எறியச் சொல்லித்தான்.

காலைக் கழற்றிவிடுவார்கள் என்று எனக்கு அப்போதே முடிவாகத் தெரிந்தது. மோட்டார் சைக்கிளை யாருக்குக் கொடுக்க வேண்டும், ஒரு சப்பாத்தை மட்டும் கடையில் விற்பார்களா என்றெல்லாம் கூட்டாளியிடம் கேட்டேன். அவன் என்னைத் தூக்கித் தன் வான் வண்டியில் போட்டான். உள்ளே கருவாட்டு மணம். அதற்குப் பிறகுதான் வெருகல் நினைவுக்கு வந்தது. நடைக்கு ஒரு மாதமும் சில நாளும்தான் இருந்தன. காலைவிட அது பயமாக இருந்தது.

“ஆஸ்பத்திரிக்குப் போனா மாவுக்கட்டுப் போட்டுருவானுகள் மச்சான்,” என்றான். “கன்னியாவுக்குப் போவம். சுடுதண்ணி பட்டா எல்லாம் எளகிரும்.”

வானிலிருந்த ஒருவரும் இதை மறுக்கவில்லை. கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன. எங்கள் பக்கத்தில் செத்தவருக்குக் கிரியை செய்வதும் கன்னியாவில், இடுப்புப் பிடித்தவர் குளிப்பதும் கன்னியாவில். எனக்கும் அது வசதியாக இருந்தது. வெந்நீர்க் கிணற்றில் காலைச் சரிப்படுத்திக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி வீட்டுப் படலையைத் திறந்து உள்ளே போகலாம்.

ஏழு கிணற்றிலும் அள்ளி ஊற்றினோம். ஒன்றைவிட ஒன்று சூடு கூட. கூட்டாளி வாளியால் அள்ள, இன்னொருவன் கணுக்காலை அழுத்தித் தேய்த்தான். சுகமாக இருந்தது என்பதை நான் மறைக்கப்போவதில்லை. கடைசிக் கிணற்றில் ஒரு பாட்டின் பாதியைக்கூடப் பாடினேன். திரும்பி வரும்போது செருப்புக்குள் கால் போகவில்லை. வீட்டடியில் இறங்கும்போது அது கால் மாதிரியே இல்லை. நல்ல பருவத்துப் பலாக்காய்க்கு விரல் முளைத்த மாதிரி இருந்தது.

மனைவி அன்று பின்னேரமும் நடந்துவிட்டு அப்போதுதான் வந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து காலைப் பார்த்தாள். நடந்து காட்டச் சொன்னாள். நாலடி வைக்க என்னால் முடியவில்லை. கூட்டாளி சம்பவத்தை மான் முதல் கிணறு வரை விபரமாகச் சொன்னான். மானைக் கொஞ்சம் பெரிதாக்கியும் சொன்னான்.

“வீங்கின காலை அவிச்சுக் கொண்டு வந்திருக்கிறீங்கள்,” என்றாள் அவள். அவிழ்த்த நாடாவைத் திரும்பக் கட்டிக்கொண்டு என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

எக்ஸ்ரேயில் எலும்பு உடையவில்லை. வெளிப்பக்கத்துச் சவ்வு கிழிந்திருக்கிறது என்று டொக்டர் அழுத்திப் பார்த்துச் சொன்னார். பிசியோதெரபிப் பகுதியில் இருந்தது மனைவியின் முழங்காலைப் பார்த்த அதே இளம் பெண். என் கதையை அமைதியாகக் கேட்டாள். கன்னியா வந்தபோது பேனையை மேசையில் வைத்தாள். எத்தனை கிணறு என்று கேட்டாள். ஏழும் என்றேன். அவள் கொஞ்ச நேரம் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள். தோள் குலுங்கியது.

பிறகு சொன்னாள். கால் பிரண்ட முதல் இரண்டு மூன்று நாளுக்குச் சூடு காட்டவே கூடாது, தேய்க்கவும் கூடாது. உள்ளே கசிகிற இரத்தம் இன்னும் கூடி வீக்கம் ஏறும். துணியில் சுற்றிய ஐஸ் கொஞ்ச நேரம், இறுக்கமான பண்டேஜ், காலை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைப்பது. வீக்கம் இறங்க, மெல்ல அசைக்கத் தொடங்க வேணும், சும்மா கட்டிலில் கிடந்தால் மூட்டு இறுகிவிடும். இவ்வளவையும் என்னிடம் சொல்லிவிட்டு, என் மனைவியைக் காட்டி, அம்மாவிடம் கேளுங்கோ, அவவுக்கு இதெல்லாம் விளங்கும் என்றாள். பிறகு இருவரும் முழங்காலைப் பற்றி ஒரே கந்தோரில் வேலை செய்கிறவர்கள் மாதிரிக் கதைத்தார்கள். நான் பலாக்காயோடு இருந்தேன்.

வெருகலைப் பற்றி நான்தான் கேட்டேன். அந்தப் பிள்ளை யோசித்தாள்.

“வீட்டுக்குள்ள நடக்கிறது சரி. வெருகலுக்கு நடக்கிற கதை வேற. அந்தக் காலில மட்டும் ஆடாமல் நிக்க ஏலுமெண்டா வாங்கோ, கதைப்பம்.”

எங்கள் ஃபிரிட்ஜில் ஐஸ் அவ்வளவு விரைவில் உறையாது. கடற்கரையில் மீன் பெட்டிக்குப் போடுகிற ஐஸை மனைவி வாங்கி வந்தாள். உடைத்துத் துணியில் கட்டிக் கணுக்காலில் வைத்தாள். காலில் சூரை மீன் மணந்தது. அயலட்டத்துப் பூனைகள் ஒவ்வொன்றாக வந்து கட்டிலைச் சுற்றி இருந்தன. நோய் பார்க்க வந்த மனிதர்களைவிட அவை கூட நேரம் இருந்தன, அவற்றில் ஒன்றும் புத்திமதி சொல்லவும் இல்லை.

வீக்கம் இறங்கிய பிறகு கால் பெருவிரலால் அந்தரத்தில் எழுத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். அகரத்தில் தொடங்கினேன். ஆவன்னாவில் வேர்த்தது. ஈயன்னாவில் என் முதலாம் வகுப்பு ரீச்சரை நினைத்து மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். ழகரம் எழுதும்போது வந்த சத்தத்துக்குப் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள்.

இதற்கெல்லாம் சிரிக்கலாம். சிரிக்க முடியாத ஒன்று நடந்தது. மனைவி நடக்கப் போவதை நிறுத்திவிட்டாள். விடிய எழும்புவாள், முற்றம் கூட்டுவாள், குசினிக்குள் போய்விடுவாள். சப்பாத்தைக் கடதாசியில் சுற்றிக் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டாள். ஏன் என்று கேட்டேன். இரண்டு பேரும் வருவோம் என்றுதான் நேர்ந்தது, தான் தனியே போனால் அது வேறு ஏதோ ஆகிவிடும் என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் எனக்கு நூறு பகிடி இருக்கிறது. அந்தக் குரலுக்குப் பகிடி சரிவராது.

ஆகவே மடையன் செய்கிற வேலையை நான் செய்தேன். அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, ஊன்றுகோலை வீட்டில் விட்டுவிட்டு, கடற்கரைக்கு ஓடிப் பழகப் போனேன். மணல் மெத்தென்று இருக்கும், காலுக்கு நல்லது என்பது என் வைத்தியம். மணல் மெத்தென்றுதான் இருந்தது. அதனால்தான் கால் உள்ளே புதைந்து, அதே பக்கம், அதே மாதிரி மடங்கியது. கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் கயிற்றை விட ஏலாமல் நின்றபடியே என்னைப் பார்த்தார்கள். வலையின் மடி கரைக்கு வந்த பிறகுதான் என்னிடம் வந்தார்கள். அதுவரை நான் ஆமை மாதிரி மல்லாந்து கிடந்து வானத்தைப் பார்த்தேன். உதவி இவ்வளவு கிட்ட நிற்க, ஒன்றுமே செய்ய ஏலாமல் கிடப்பது எப்படி என்று எனக்கு அன்று வடிவாக விளங்கியது. நாலு பேர் என்னைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். வலை இழுக்கிற அதே தாளத்தில் காலடி வைத்தார்கள்.

பழையபடி ஐஸ். பழையபடி பூனைகள். அந்தப் பிசியோப் பிள்ளை இந்த முறை சிரிக்கவில்லை. பாதி ஆறின சவ்வு திரும்பக் கிழிந்தால் ஆற இன்னும் நாட்செல்லும் என்று மட்டும் சொன்னாள். வெருகலைப் பற்றி நான் கேட்கவில்லை. அவளும் எடுக்கவில்லை.

நடைக்காரர் ஊருக்குள் வந்துவிட்டார்கள் என்ற செய்தி வந்த பின்னேரம், மனைவி குசினி வாசற்படியில் அரிசிச் சுளகோடு இருந்தாள். கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அந்த அரிசியில் கல் இல்லை. எனக்குப் பார்க்க ஏலாமல் போக, வழமைபோல வாயைத் திறந்தேன்.

“நேத்தியில என்ன சொன்னனீர்? ரெண்டு பேரும் நடப்பம் எண்டுதானே. நீர் றோட்டால நடவும். நான் வீட்டுக்குள்ள நடக்கிறன். கணக்குச் சரி.”

பகிடியாகத்தான் சொன்னேன். அவள் சுளகைக் கீழே வைத்தாள்.

“உண்மையாவோ?”

“ஓம்,” என்றேன். வேறு என்ன சொல்ல.

“நான் நடக்கிற நாளெல்லாம் நீங்கள் அந்தப் பிள்ளை சொன்னதெல்லாம் செய்யவேணும். ஒளிக்கக் கூடாது. சாமிக்குச் சொன்ன கதை இது.”

என் வாழ்க்கையில் நான் விட்ட பகிடியை ஒருவர் கையெழுத்து வாங்காத குறையாக ஏற்றுக்கொண்டது அதுதான் முதல்தடவை. கடதாசிச் சுற்றிலிருந்து சப்பாத்து வெளியே வந்தது. சாம்பல்தீவுப் பெண்கள் சிலர் போகிறார்கள், அவர்களோடு சேர்ந்துகொண்டாள். படலையடியில் நின்று கையைக் காட்டினேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நடக்கும்போது பின்பக்கம் பார்த்தால் கால் பிரளும் என்று நான்தானே உலகத்துக்கு நிரூபித்திருந்தேன்.

பிறகு வீட்டில் நானும் காலும். அறையிலிருந்து குசினிக்கு, குசினியிலிருந்து கிணற்றடிக்கு. கதிரை முதுகைப் பிடித்துக்கொண்டு குதியை உயர்த்தி இறக்குவது. பிறகு கையை விட்டு ஒற்றைக் காலில் நிற்பது. நல்ல கால் கல்தூண். மற்றது காற்றில் வாழையிலை. சோறு கொதிக்கிற நேரத்தை இதற்கென்று ஒதுக்கினேன். இரண்டு நாள் சோறு அடிப்பிடித்தது.

பொழுதுபடும் நேரம் போன் வரும். கிண்ணியாவில் கூட்டாளி வீட்டுக்காரர் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினார்கள் என்பாள். மூதூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் படுத்தோம் என்பாள். கிளிவெட்டியில் வயல்காரர்கள் மோர் கொடுத்தார்களாம். தன் கதையைச் சொல்லி முடித்ததும், இன்றைக்கு நின்றீங்களோ என்று கேட்பாள். பொய் சொல்லலாம். அவளிடம் சொல்லுகிற பொய் எனக்குப் பழக்கம். ஆனால் கேட்பது அவள் மட்டும் இல்லை, வெருகல் முருகனும்தான். இல்லை, விழுந்தனான், திரும்ப நின்றனான் என்று உள்ளபடி சொன்னேன்.

வெருகலுக்குச் சேருகிற நாள் கூட்டாளி வானைக் கழுவி, கருவாட்டுப் பெட்டிகளை இறக்கிவிட்டு வந்திருந்தான். அவளை ஏற்றிவரப் போக வேண்டும். நான் புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு, கூட்டிவந்ததும் சாப்பிடட்டும் என்று சோற்றை அடுப்பில் வைத்திருந்தேன். ஐஸும் வாங்கி வைத்திருந்தேன். அவளுக்குக் கால் வீங்கியிருக்கும், இந்த முறை வைத்தியம் நான்தான் என்று ஒரு எண்ணம். அப்போது போன் அடித்தது.

“இஞ்சருங்கோ. வந்து சேந்திட்டன். கும்பிட்டாச்சு.” பின்னால் மணிச்சத்தம் கேட்டது. “எனக்கு இன்னும் போகலாம் போல கிடக்கு.”

எங்கே என்று கேட்டேன். எங்கே என்று எனக்குத் தெரியும்.

“இவையெல்லாம் கதிர்காமம் போகினம். முழங்கால் நல்லாக் கிடக்கு.”

காடு, யானை, வெயில், தண்ணீரில்லாத வழி, பாம்பு, இங்கே எனக்கு யார் சமைப்பது, எல்லாம் ஒரே நேரத்தில் வாய்க்கு வந்து ஒன்றை ஒன்று அடைத்துக்கொண்டன. கடைசியில் வெளியே வந்தது ஒரு கிளாக்கரின் கேள்வி.

“நேத்தி வெருகல் மட்டும்தானே?”

“ஓம். அது முடிஞ்சுது,” என்றாள். “இது எனக்கு.”

கூட்டாளி வான் திறப்புக் கொத்தை விரலில் சுழற்றிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தான். ஐஸ் வாளிக்குள் உருகிக்கொண்டிருந்தது. ஒரு பூனை வந்துவிட்டிருந்தது.

“போயிட்டு வாரும்,” என்றேன்.

“அப்ப நான் கதிர்காமம் போய்ச் சேருமட்டும் நீங்களும் நிக்கவேணும்.”

“நிக்கிறன்தானே. இப்பவும் ஒற்றைக் காலிலதான் நிக்கிறன்.”

அது உண்மைதான். போனை வைத்த பிறகு குனிந்து பார்த்தேன். இடது கால். நல்ல கால். கதிரை முதுகைப் பிடித்து, மெல்ல மற்றக் காலுக்கு மாறினேன். நடுக்கம் தொடங்கியது. அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது. இறக்குவதற்கு என்னால் அசைய ஏலாது. கூட்டாளியை இறக்கச் சொன்னேன்.