ரோட்டுக்கு மேலே வீடு, கீழே வாடகை

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் மனை பார்க்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன ஞாயிறு நான் போனதும் அதற்குத்தான். மறுநாள் முன்பணம் கொடுப்பதாகப் பேச்சு. மனைவி சமையலறை எந்த மூலையில் என்றுகூட முடிவு செய்துவிட்டாள். எனக்குத்தான் சந்தேகப் புத்தி. சுதந்திரத்துக்கு முந்தைய நிலவரைபடம் ஒன்றை இணையத்தில் தேடி, அச்சடித்து எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

தாம்பரத்தில் காலை 8.10 ரயில், பத்து ரூபாய். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஷேர் ஆட்டோ, பன்னிரண்டு கிலோமீட்டர், முப்பது ரூபாய். ஓட்டுநர் என் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டு வந்தார். "இன்னா சார் மேப்பு? நெலம் எடுக்கப் போறாங்களா?" இல்லை என்றேன். அவர் நம்பவில்லை.

ஊர்ப் பெயர் வேண்டாம். தரகர் உள்ளூர்க்காரர். ரோட்டுக்குக் கீழே கல் நட்ட மனைகள். பக்கத்திலேயே கம்பெனிப் பையன்களுக்கு வாடகைக்கு விட்ட வரிசை அறைகள். தாளை நீட்டியதும் தரகர் சிரித்தார். "நல்லாப் பாரு சார், உன் மேப்புலயே இங்க ஏரி இல்ல, குளம் இல்ல." உண்மைதான். ஆனால் அன்றைய வண்டிப் பாதைக்கு ஒரே பக்கத்தில் வீடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. மறுபக்கம் ஒரு வீடுகூட இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். வண்டிப் பாதை தார் ரோடாகிவிட்டது, அவ்வளவுதான். ஊர்க்காரர்களின் வீடுகள் இன்றும் அதே மேட்டுப் பக்கம்தான்.

தரகருக்கு போன் வந்து அவர் நகர்ந்ததும், அறை வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்த இசக்கி என்பவனிடம் போனேன். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், இரண்டு வருடமாக இங்கே இருக்கிறான். மழைக்காலம் எப்படி என்று கேட்டேன்.

"பெருமழைன்னா பைக்க ரோட்டு மேல ஏத்திருவோம்ணே. ரூமுக்குள்ள முழங்கால் அளவு வந்துரும்லா."

"ஓனர்கிட்ட சொல்லலையா?"

"அந்தா போன் பேசுதாருல்லா, அவருதான் ஓனரு."

தரகர் திரும்பி வந்ததும், அவர் வீடு எங்கே என்று மட்டும் கேட்டேன்.

"நம்ம வூடா? ரோட்டுக்கு மேல, அந்தாண்ட கீது சார்."

முன்பணம் கொடுக்கவில்லை. மனைவி இரண்டு நாள் பேசவில்லை.

போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், நிழல் கிடையாது. பழைய வரைபடத்தில் ஏரியை மட்டும் தேடாதீர்கள், வீடுகள் எங்கே இல்லை என்றும் பாருங்கள். நான் தப்பித்துவிட்டேன். கிளம்பும்போது இசக்கி, "மேட்டுப் பக்கம் ரூம் ஏதும் காலியா இருந்தா சொல்லுங்கண்ணே" என்றான். அதை எந்த வரைபடத்தில் தேடுவது என்று எனக்குத் தெரியவில்லை.