குக்ரிக்கு ஒரு பீட்ரூட்

பதுளையில் பழைய சாமான் கடைக்கார நானா நேபாளத்துக் குக்ரிக் கத்தியை உறையிலிருந்து உருவியதும், தோலும் எண்ணெயும் கலந்த அந்த வாசனையில், இடித்துத் தள்ளிய எங்கள் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வரிசை எழுந்து நின்றது.

அங்கே பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த ராசு மாமா, டுபாயில் கூட வேலை செய்த முன்னாள் பட்டாளத்து நேபாளி கொடுத்த, இதே மாதிரி வளைந்த குக்ரியால்தான் பலாப்பழம் பிளப்பார். "உருவுனா ரத்தம் பாக்காம உறைக்குள்ள போகாது. யாரு வெரலு தரப்போறது?" என்று அவர் கேட்க, பிள்ளைகள் நாங்கள் விரல்களை அக்குளில் ஒளிப்போம். உள்ளேயிருந்து அத்தை ஒரு வெலிமடை பீட்ரூட்டை வீசுவார். "இந்தாங்க, இத வெட்டுங்க!" சிவப்புச் சாறு வழிந்த பிறகே கத்தி உறைக்குப் போகும், எங்கள் விரல்கள் சுளைக்கு நீளும்.

நானா கத்தியை உறையில் போடப் போனார்.

"கொஞ்சம் இருங்க நானா!" என்று மரக்கறிக் கடைக்கு ஓடினேன்.