சொல்யூஷன் தலைவலி

அம்மா வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே அவளுடைய வாசனை நுழைந்துவிடும். ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோலோடு தோலை ஒட்டுகிற பசையின் வாசனை, எங்கள் தெருவில் அதற்கு "சொல்யூஷன்" என்று பெயர், எவ்வளவு சோப்புப் போட்டாலும் சேலையை விட்டுப் போகாது. வந்ததும் கொடியில் கிடக்கும் பச்சைத் துணியை எடுத்து நெற்றியில் இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்துவிடுவாள். தெருவில் பாதிப் பெண்களுக்கு அதே தலைவலி இருந்ததால், "சொல்யூஷன் ஏறிக்கிச்சி" என்று சொல்வதோடு வைத்தியம் முடிந்துவிடும்.

அரசாங்க நர்ஸ் ஸ்டெல்லா சிஸ்டர் மாதம் ஒருமுறை வீடுவீடாக வந்து பிரஷர் பார்ப்பார். அவர் வருவது பத்து மணிக்கு, எங்கள் தெருப் பெண்களோ ஆறரைக்கே கம்பெனி பஸ் ஏறிவிடுவார்கள். பூட்டுக்கா பிரஷர் பார்ப்பது? காய்ச்சலென்று நான் பள்ளிக்கூடம் போகாமல் இருந்த ஒரு நாள், "உங்கம்மா எப்பத்தாம்மா வீட்ல இருப்பாங்க?" என்று என்னிடம் சலித்துக்கொண்டவர், மறுவாரம் விடிகாலையிலேயே பஸ் நிற்கும் புளியமரத்தடியில் ஸ்டூலும் மிஷினுமாக வந்து உட்கார்ந்துவிட்டார். நான் வேடிக்கை பார்க்க ஓடினேன்.

கேலியும் சிரிப்புமாகப் பெண்கள் கை நீட்டினார்கள். அம்மாவின் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்த சிஸ்டர், அவிழ்த்து மறுபடியும் சுற்றினார். சிரிப்பு நின்றுவிட்டது.

"இன்னிக்கி பஸ் ஏறாதம்மா. பிரஷர் ரொம்ப ஜாஸ்தி, இப்டியே வுட்டா கை கால் இழுத்துக்கும்."

"இன்னா சிஸ்டர் பேஜார் பண்றீங்க, இது சொல்யூஷன் தலைவலி!"

"பக்கத்துல நிக்கிறவங்களுக்கும் அதே சொல்யூஷன்தானே? அவங்களுக்கு கரெக்டா இருக்குதே."

பஸ் போயிற்று, அம்மா ஏறவில்லை. நான் பயத்தில் அழுதுவிட்டேன். அன்று ஆரம்பித்த மாத்திரை, அதற்கப்புறம் மாதாமாதம் அந்த மரத்தடியிலேயே கிடைத்தது.

இரண்டு வருஷம் கழித்து, மரத்தடியில் பார்ப்பதற்கு அரசாங்கத்திலிருந்து வருகிற பணம் நின்றுவிட்டது, இனிமேல் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரி திறக்கிற நேரத்தில் இந்தப் பெண்கள் கம்பெனிக்குள் இருப்பார்கள் என்பது ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. கடையில் விலை கேட்கக்கூடக் கூச்சப்படுகிற என் அம்மா, கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து நின்றாள்.

"வுழுந்தப்புறம் பாக்கறதுக்குப் பணம் இருக்குது, வுழாம பாத்துக்கறதுக்கு மட்டும் இல்லியா சார்? அந்தம்மா மரத்தடிக்கு வந்ததாலதான் நான் இங்க நின்னு பேசறேன்."

பின்னால் ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். தீர்மானம் எழுதும்வரை யாரும் உட்காரவில்லை. மூன்றாம் மாதம் ஸ்டூல் மரத்தடிக்குத் திரும்பி வந்தது. அன்றைக்கு அம்மாவைப் பார்த்து எனக்கு வந்த பெருமை இன்னும் அடங்கவில்லை.

இப்போது நான் சத்துவாச்சாரியில் ஓர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். சாலையை அகலப்படுத்தப் புளியமரத்தை வெட்டிவிட்டார்கள், ஸ்டெல்லா சிஸ்டர் ரிடையராகிவிட்டார், அவர் இடத்தில் ஒரு சின்னப் பெண் பஸ் நிழற்குடையில் உட்கார்ந்து பட்டை சுற்றுகிறாள். போன வாரம் வீட்டுக்குப் போனபோது எனக்குத் தலைவலி. பழைய ஞாபகத்தில் கொடியில் பச்சைத் துணியைத் தேடினேன்.

"அது இன்னாத்துக்குடி? எப்பவோ கரித்துணியாக் கிழிச்சிட்டேன்" என்றாள் அம்மா. மறுநாள் புது சிஸ்டர் வருகிற நாள். காலை ஆறு மணிக்கே என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், கம்பெனிப் பெண்களின் வரிசையில் என்னை நிறுத்தினாள்.