குருவம்மாள் திறந்து பார்த்த இன்ஜின்

திருத்தங்கல் குருவம்மாளின் கணவன் ஒரு பட்டாசுக் கம்பெனியின் மருந்து கலக்கும் அறையில் நடந்த வெடிவிபத்தில் செத்தான். அந்த அறையில் என்ன கோளாறு என்று யாரும் பார்க்கவில்லை. இடிபாட்டை அள்ளிக் கொட்டிவிட்டு, விதி என்றார்கள். மாலையோடு வந்த கம்பெனிக் கணக்கப்பிள்ளையிடம் குருவம்மாள் கேட்டாள்: "அந்த விதி ஏன் மொதலாளி ரூமுக்குள்ள மட்டும் வரமாட்டேங்குது?"

அதன்பிறகு எந்தக் கம்பெனியிலும் அவளுக்கு வேலை இல்லை. கரிமூட்டம் போட்டு விறகைக் கரியாக்கி விற்கும் நல்லசிவத்திடம் கருவேல விறகு சுமக்கப் போனாள். மரம் அறுக்கும் மிஷினை ஓட்டியவன் திருப்பூருக்குப் போய்விட, அதைக் கிளப்பும் கயிற்றை இழுத்துப் பார்த்தாள். மிஷின் கிளம்பியது. அன்றிலிருந்து காட்டை அறுப்பவள் அவள்தான்.

2007 ஆயுத பூஜைக்கு நல்லசிவம் அந்த மிஷினுக்குச் சந்தனம் அப்பினார். பூசவில்லை, அப்பினார். காய்ந்த பிறகு மேலே இன்னொரு பூச்சு. துடைத்தால் பாவம் என்று எச்சரிக்கை வேறு. பூஜை முடிந்து காட்டுக்குப் போன அன்றே, ஓடிக்கொண்டிருந்த மிஷின் கிரீச்சிட்டு நின்றது. கயிறு அசையவில்லை.

"ஏத்தா, நீ வீட்டுக்குத் தூரமா?" என்றார் நல்லசிவம்.

"ஆமா. அதுக்கு என்ன அண்ணாச்சி?"

"என்னவா? பூசை போட்ட மிஷினுல தீட்டோட கை வச்சிருக்க! இனி வெறகு மட்டும் சும. மிஷின் பக்கம் வராத."

"தெறந்து பாத்துட்டுச் சொல்லுங்க. என் தப்புன்னா நானே போயிர்றேன்."

மிஷினைச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்து, திருத்தங்கலில் ஜெயசுந்தரின் பைக் பட்டறைக்குக் கொண்டுபோனாள். நல்லசிவம் பைக்கில் பின்னாலேயே வந்தார்.

"அக்கா, இது பைக் இல்லியே" என்றான் ஜெயசுந்தர்.

"பைக்குக்குள்ளயும் பிஸ்டன்தானல ஏறி எறங்குது? களத்து."

சைலன்சரைக் கழற்றியதும் துவாரத்தின் வழியே பிஸ்டன் தெரிந்தது. உடம்பெல்லாம் நெட்டுக்குக் கீறல். "பெட்ரோல்ல ஆயில் கலக்காம ஓட்டுனா இப்படி ஆகும்" என்றான்.

"அப்படிச் சொல்லு!" என்று துள்ளினார் நல்லசிவம்.

தீட்டு அரை நிமிடத்தில் ஆயிலாகிவிட்டது. குற்றம் மாறலாம், குற்றவாளி மட்டும் மாறக்கூடாது. குருவம்மாள் கேனில் மிச்சமிருந்த பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றிக் காட்டினாள். ஆயிலின் நிறம் தெளிவாக நின்றது.

அடுத்து, கயிறு சுற்றியிருக்கும் பக்கத்து மூடியைக் கழற்றினார்கள். காற்று நுழைவதற்காக அதில் வரிவரியாக இருக்கும் இடுக்குகள் எல்லாம் சந்தனத்தால் அடைபட்டிருந்தன. உள்ளே சிலிண்டரைச் சுற்றியும் சந்தனமும் மரத்தூளும் செங்கல்போல வெந்திருந்தன. ஜெயசுந்தர் ஸ்குரூ டிரைவரால் குத்த, பட்டறை முழுக்க மணம்.

"காத்து போகல அண்ணாச்சி. சூடேறி பிஸ்டன் விரிஞ்சு பிடிச்சிருக்கு."

"சாமிக்குப் பூசுனது கெடுதல் பண்ணுமாடா?"

"சாமிக்குப் பூசுனா பண்ணாது" என்றாள் குருவம்மாள். "உங்க மூக்கு ஓட்ட ரெண்டையும் அடச்சுப் பூசிக்கிட்டு வெறகு சுமந்து பாருங்க."

சிலிண்டர் தப்பியிருந்தது. அதில் ஒட்டியிருந்த பிஸ்டனின் ஈயம்போன்ற தோலை எமரி பேப்பரால் அவளே பதமாகத் தேய்த்தாள். மதுரையிலிருந்து புது பிஸ்டனும் ரிங்கும் வந்தன. ஆயில் தடவி, ரிங்கை விரல்களால் அழுத்திப் பிடித்து, ஜெயசுந்தர் நீட்டிய சிலிண்டருக்குள் பிஸ்டனை நுழைத்தாள்.

"என் வீட்டுக்காரரு செத்த ரூமையும் யாராச்சும் இப்படித் தெறந்து பாத்திருக்கணும்ல" என்றாள். ஜெயசுந்தர் போல்ட்டை முறுக்கினான்.

கயிற்றை இழுத்தாள். மிஷின் உறுமியது.

"ஓடுது. ஆனா அந்த மூணு நாளு மட்டும் சொல்லிட்டு வராம இருந்துக்கோ" என்றார் நல்லசிவம்.

அவள் மிஷினை நிறுத்தினாள். "சொல்லவும் மாட்டேன், நிக்கவும் மாட்டேன். அடுத்த பூசைக்குச் சந்தனத்தோட வந்தீகன்னா மிஷினையும் தரமாட்டேன். சம்மதம்னா நாளைக்குக் காட்டுக்கு வாரேன்."

கரிமூட்டம் விறகில்லாமல் கிடந்தது. அறுக்க வேறு ஆளும் இல்லை. "வா" என்றார் நல்லசிவம், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அபாண்டமாகப் பேசியதற்கு அவளிடம் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கிளம்பும்போது குனிந்து மிஷினைத் தொட்டு, விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.