வெறுங்கால் வெற்றி

அந்த மனிதரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் பொங்குகிறது. வெள்ளைக்காரர் ஆட்சியில் தலைமன்னார்த் துறைமுகக் கந்தோரில் நான் கிளார்க்காக இருந்தபோது, அவர்தான் எங்கள் துரை. ஸ்கொட்லாந்துக்காரர். தன் ஊர்க் கால்பந்துக் கழகம் யாரை எத்தனை முறை வென்றது, யாரிடம் தோற்றது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். தோல்விகளையும் மறைக்காமல் சொல்வார். அதனால் நேர்மையானவர் என்று நம்பினேன்.

துரைமாரின் அணியோடு கந்தோர் ஊழியர்கள் நாங்கள் ஆண்டுதோறும் ஆடித் தோற்றோம். ஒருமுறை ஓலைத்தொடுவாய் மீனவர் ஒருவரையும் சேர்த்துக்கொண்டு ஆடி, வென்றுவிட்டோம். துரை ஒருவரின் சப்பாத்துக் கால் தன் வெறுங்காலை மிதித்து நகம் பிய்ந்த பிறகும் வெற்றிக் கோலை அடித்தவர் அவர்தான்.

மறுநாள் துரைமாரின் கிளப்புக்குக் கடதாசிகள் கொண்டுபோனேன். ஆட்ட முடிவுகளை எழுதும் சுவர்ப் பலகையில் எங்கள் தோல்விகள் அத்தனையும் இருந்தன. வெற்றி இல்லை. துரையிடம் காரணம் கேட்டேன். வெறுங்காலோடு ஆடுவது ஆட்டமே அல்ல என்று சிரித்தார்.

"தோத்த நேரமும் வெறுங்காலோடதானே ஐயா ஆடினனாங்கள்?" என்றேன்.

வேலையைப் பார்க்கச் சொன்னார்.

அடுத்த ஆண்டு நாங்கள் பந்தடித்துக்கொண்டிருந்த இடத்துக்கு, ஆட்டத்துக்குக் கூப்பிட பியோன் வந்தார். பலகைக் கதையை என்னிடம் கேட்டிருந்த மீனவர்தான் முதலில் பேசினார்.

"நாங்கள் வரமாட்டம் எண்டு போய்ச் சொல்லுங்கோ."

"ஓம், ஒருத்தரும் வரமாட்டம்," என்றேன் நானும்.

நாங்கள் வராததால் தாங்களே வென்றதாகப் பலகையில் எழுதிக்கொண்டார்கள். தண்டனையாக என்னை முருங்கன் கந்தோருக்கு மாற்றினார்கள். அதன் பிறகு நான் எந்தத் துரையோடும் பந்து விளையாடவில்லை.